ஒன்பது மார்க் சக்கரங்கள்

எழில் கட்டுரைக்குப் பத்துக்குப் பத்து போட்டதே இல்லை. கிழக்குத் தாம்பரத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் தமிழாசிரியன். எவ்வளவு நன்றாக எழுதினாலும் ஒன்பதோடு நிறுத்திவிடுவான். மிச்ச மார்க் யாருக்கு சார் என்று பிள்ளைகள் கேட்டால், "அது தமிழுக்கு" என்பான். ஒருமுறை ஒன்பது வாங்கிய பெண்ணின் அம்மா பள்ளிக்கூட வாசலில் நின்று எல்லோருக்கும் மைசூர்பாகு கொடுத்தார். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. அவனைக் கடைசியில் குப்புறத் தள்ளியது இந்தப் பழக்கம்தான்.

கார் அவனுடையது அல்ல, மாமனார் சவுரிமுத்துவுடையது. பம்மலில் தோல் பதனிடும் கம்பெனியில் தரம் பிரிக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். ஒரு தோலைத் தடவிப் பார்த்து முதல் தரமா, இரண்டாம் தரமா, மூன்றாம் தரமா என்று சொல்லி முத்திரை குத்துவார். மகள் ஜாஸ்மின் ஒரு தமிழ் வாத்தியாரைக் காதலித்துப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு வந்து நின்றபோது, மாப்பிள்ளையைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், "இது மூணாந்தரம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அதற்குப் பிறகு எழிலிடம் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. இருவரும் ஒரே சோபாவில் உட்கார்ந்திருந்தாலும், "உன் வூட்டுக்காரரு காபி குடிப்பாரான்னு கேளு" என்று சமையலறையிலிருக்கும் மகளிடம்தான் கத்துவார்.

அப்படிப்பட்டவர் வேளாங்கண்ணித் திருவிழாவுக்கு மனைவி பேபியோடு கிளம்பும்போது கார் சாவியை மகளிடம் நீட்டினார். பம்மலில் அவர் வீட்டுத் தெருவில் சாக்கடைக்குத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். "வண்டிய இங்க வுட்டுட்டுப் போனா குழிக்குள்ள தள்ளிடுவானுங்க. உன் வூட்டுக்காரரு வெச்சிக்கட்டும். ஓட்டணும்னா ஓட்டட்டும்."

வீட்டுக்கு வந்து ஜாஸ்மின் அழுதாள். "ஓட்டட்டும்னு சொன்னாருங்க. அவரு யாரையுமே அந்த வண்டிய தொட விட்டதில்ல. அம்மாவே பின் சீட்லதான் உக்காருவாங்க."

எழிலுக்கும் கண் கலங்கியது. சாவியைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தான்.

அந்த வெள்ளிக்கிழமையே காரை எடுத்துக்கொண்டு பல்லாவரம் சந்தைக்குப் போனார்கள், ரோஜாச் செடி வாங்க. கூட்டத்தில் ஒரு தள்ளுவண்டிக்கு வழிவிட எழில் இடப்பக்கம் ஒதுங்கினான். கர்ரென்று ஒரு சத்தம். இறங்கிப் பார்த்தால் இடப்பக்கச் சக்கரங்கள் இரண்டும் நடைபாதைக் கல்லில் உரசி, வெள்ளிபோல் மின்னிய அலாய் வீலின் விளிம்பு எலி கடித்த தேங்காய் மாதிரி இருந்தது. சவுரிமுத்து ஞாயிறுதோறும் பூசைக்குப் போகுமுன் பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்க்கும் சக்கரங்கள் அவை. எழில் நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்டான். ரோஜாச் செடி மட்டும் நன்றாக இருந்தது.

பம்மலில் ஏதாவது ஒரு ஷெட்டில் கொடுத்திருக்கலாம். ஆனால் பம்மலில் எந்த ஷெட்டுக்குப் போனாலும் சவுரிமுத்துவைத் தெரிந்தவர் ஒருவர் டீ குடித்துக்கொண்டிருப்பார். அதனால் எழில் ஊருக்கு அந்தப் பக்கம், பள்ளிக்கரணையில் சதுப்பு நிலத்தைப் பார்த்தபடி கண்ணாடி மாளிகையாக நின்ற 'மகிழ் வீல்ஸ் எக்ஸ்பீரியன்ஸ் சென்டர்' என்ற இடத்துக்குப் போனான்.

உள்ளே கிரீஸ் நாற்றம் இல்லை, மல்லிகை வாசனை அடித்தது. அனுப்பிரியா என்ற பெண் கைகூப்பி வரவேற்று எலுமிச்சை ஜூஸ் கொடுத்தாள். பழைய பெயின்டை உரித்து, மணலை வேகமாக அடித்துச் சுத்தம் செய்து, நெளிவெடுத்து, பவுடர் தூவி, பெரிய ஓவனில் வைத்துச் சுட்டால் புதுச் சக்கரமாகிவிடும் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். இரண்டை மட்டும் செய்தால் நிறம் சேராது, நாலையும் செய்யவேண்டும் என்றாள். அதன் பிறகு மிக விரிவாக, எந்தெந்தக் கட்டத்தில் அவனிடம் கருத்து கேட்கப்படும் என்று விளக்கினாள். வாசலில் செக்யூரிட்டி சல்யூட் அடித்ததற்கு மார்க் போட ஒரு பொத்தான் இருந்தது. ஜூஸுக்கு ஒன்று, கழிவறைக்கு ஒன்று. சுவரில் சிரிக்கும் முகங்கள் வரிசையாக மின்னின.

"சார், உங்களுக்கு ஒரு கால் வரும். மறக்காம பத்து குடுங்க சார்."

"பார்க்கலாம்மா" என்றான் எழில். பள்ளியிலும் அவன் அப்படித்தான் சொல்வான்.

மறுநாள் சிட்டிபாபு என்ற மெக்கானிக் வேனில் வந்து, அடுக்குமாடியின் கார் நிறுத்துமிடத்திலேயே நாலு சக்கரங்களையும் கழற்றி, காரை நாலு இரும்பு ஸ்டாண்டுகளின் மேல் நிறுத்தினார். "மூணே நாள் சார். கண்ணாடி மாரி வந்துடும்." வேன் போனதும் எழில் கார் உறையைப் போர்த்தி, கீழே ஒன்றும் தெரியாதபடி தரைவரை இழுத்துவிட்டான்.

அன்று பிற்பகல் சனிக்கிழமைச் சிறப்பு வகுப்பில் இருக்கும்போது கைபேசி அடித்தது. பதிவு செய்யப்பட்ட குரல் ஒன்று, சக்கரங்களை ஒப்படைத்த அனுபவத்துக்கு ஒன்றிலிருந்து பத்துக்குள் ஓர் எண்ணை அழுத்தச் சொன்னது. எழில் யோசித்தான். வேலை இப்போதுதான் ஆரம்பித்திருக்கும். ஜூஸில் சர்க்கரை தூக்கல். நியாயமாகப் பார்த்தால் ஆறுதான். ஆனால் அந்தப் பெண் அன்பாகப் பேசினாள். எழில் தாராள மனதோடு ஒன்பதை அழுத்தினான். அவன் வாழ்நாளில் ஒரு நிறுவனத்துக்குச் செய்த மிகப் பெரிய மரியாதை அது.

பள்ளி மணி அடிப்பதற்குள் அனுப்பிரியா அழுதுகொண்டே கூப்பிட்டாள். "சார், நான் உங்களுக்கு என்ன சார் துரோகம் பண்ணேன்?"

"ஏம்மா? நல்ல மார்க்தானே போட்டேன். ஒன்பதும்மா!"

"ஒன்பதுன்னா ஃபெயில் சார். பத்து மட்டும்தான் பாஸ். ஒன்பதுலேர்ந்து ஒண்ணு வரைக்கும் எல்லாமே ஃபெயில்."

"அப்போ ஒன்றுக்கும் ஒன்பதுக்கும் என்னம்மா வித்தியாசம்?"

"ஒண்ணு போட்டவங்க கோவத்துல போட்டிருப்பாங்கன்னு விட்டுருவோம் சார். ஒன்பது போட்டவங்க யோசிச்சு போட்டிருக்காங்க. அதான் சார் டேஞ்சர்." விம்மலுக்கு நடுவில் முக்கியமான செய்தியைச் சொன்னாள். "உங்க வீல ஹோல்டுல வெச்சுட்டாங்க சார்."

எழில் பேருந்து மாறி, ஷேர் ஆட்டோ மாறிப் பள்ளிக்கரணைக்கு ஓடினான். ஒரு கண்ணாடி அறைக்குள் நாலு சக்கரங்களும் வரிசையாக நின்றன. பெயின்ட் முழுக்க உரிக்கப்பட்டு, சாம்பல் நிறத்தில், குளிப்பாட்டிவிட்டுத் துவட்ட மறந்த குழந்தைகள் மாதிரி இருந்தன. சுற்றிலும் சிவப்பு ரிப்பன். கதவில் 'அதிருப்தி அறை' என்று எழுதியிருந்தது.

மேலாளர் ஷெர்வின் வந்தார். அவர் சட்டையில் குத்தியிருந்த அட்டையில் 'தலைமை மகிழ்ச்சி அலுவலர்' என்று போட்டிருந்தது. முகத்தில் அதற்கான அறிகுறி எதுவும் இல்லை.

"சார், நாங்க கஸ்டமர் ஃபர்ஸ்ட் கம்பெனி. ஒரு கஸ்டமர் மனசு கஷ்டத்துல இருக்கும்போது அவரு பொருள் மேல கை வெக்க மாட்டோம். அது எங்க எத்திக்ஸ்."

"நீங்க கை வெக்காததாலதான் சார் எனக்கு மனக்கஷ்டமே."

"பாத்தீங்களா, கஷ்டம் இருக்குன்னு நீங்களே ஒத்துக்கறீங்க." ஷெர்வின் அதைக் கையிலிருந்த டேப்லெட்டில் குறித்துக்கொண்டார்.

"நான் பத்து போட்டுடறேன் சார். இப்பவே போடறேன்."

"போட்ட மார்க்கைத் திருத்தறது முறைகேடு சார். டீச்சரா இருந்துகிட்டு நீங்க இப்படிப் பேசலாமா? அடுத்த சர்வேல வேணா போடலாம்."

"அடுத்த சர்வே எப்ப வரும்?"

"டெலிவரி அன்னிக்கு."

"டெலிவரி எப்ப?"

"நீங்க சந்தோஷமானதும்."

எழிலுக்குத் தலை சுற்றியது. உரித்த சக்கரத்தை உரித்தபடியே கொடுத்துவிடுங்கள், நான் பம்மலில் செய்துகொள்கிறேன் என்று கெஞ்சினான். ஷெர்வின் வருத்தத்தோடு பார்த்தார்.

"வீல் பண்றதா? அத பம்மல்ல எந்த ஷெட்லயும் ரெண்டு நாள்ல பண்ணிடுவான் சார். அதுக்கா நாங்க இருக்கோம்? நாங்க குடுக்கறது அனுபவம். போன வருஷம் சவுத் ஜோன்லயே நாங்கதான் நம்பர் ஒன். ஒரு கஸ்டமர் கூடப் பத்துக்குக் கீழ போனதில்ல."

"போன வருஷம் எத்தனை வீல் சார் பண்ணீங்க?"

ஷெர்வின் கொஞ்சம் யோசித்தார். "அத நாங்க அளக்கறதில்ல சார்."

ஞாயிற்றுக்கிழமை கம்பெனியிலிருந்து வீட்டுக்கே ஒரு குழு வந்தது. தலைவி ஜோசலின், மூல காரண ஆய்வுப் பிரிவு. கூட வந்தவர்கள் பூங்கொத்தும் கேக்கும் கொண்டுவந்தார்கள். கேக்கின் மேல் 'மன்னிக்கவும் எழில் சார்' என்று கிரீமில் எழுதியிருந்தது. காணாமல் போன ஒரு மார்க் எங்கே போனது என்று கண்டுபிடிக்காமல் கோப்பை மூடமுடியாது என்றார் ஜோசலின். ஏன், ஏன் என்று ஐந்து முறை கேட்டால் எந்தப் பிரச்சினையின் வேரும் கிடைத்துவிடுமாம்.

"ஏன் சார் ஒன்பது போட்டீங்க?"

"நான் தமிழாசிரியர். எங்க பழக்கம் அது."

"ஏன் தமிழாசிரியர் ஆனீங்க?"

"இன்ஜினியரிங் கிடைக்கலங்க."

"ஏன் கிடைக்கல?"

"கணக்குல மார்க் கம்மி."

"ஏன் கம்மி?"

"கணக்கு வாத்தியார எனக்குப் பிடிக்காதுங்க."

"ஏன் பிடிக்காது?"

எழில் தயங்கினான். "அவரு யாருக்குமே முழு மார்க் போடமாட்டாருங்க."

குழுவினர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வேர் கிடைத்துவிட்டது. ஜோசலின் டேப்லெட்டில் தட்டினார்: மூல காரணம், கணக்கு வாத்தியார். திருத்த நடவடிக்கை, அவருக்கு முழு மதிப்பெண் வழங்குவது குறித்து விழிப்புணர்வுப் பயிற்சி. "சாரோட நம்பர் குடுங்க."

"அவர் தவறிட்டாரும்மா. ரொம்ப வருஷமாச்சு."

ஜோசலின் எழுந்து நின்று ஒரு கணம் தலைகுனிந்தார். பிறகு சொன்னார்: "அப்ப நடவடிக்கை எடுக்கவேண்டியவர் பதில் தர்ற வரைக்கும் கோப்பு திறந்தேதான் சார் இருக்கும்."

ஜாஸ்மின் அதுவரை பொறுமையாக இருந்தாள். "எங்கப்பா ஊர்லேர்ந்து வரப் போறாருங்க. வண்டில வீல் இல்லன்னு தெரிஞ்சா என் குடும்பமே போயிடும். உங்களுக்குப் புரியுதா இல்லையா?"

"நல்லாப் புரியுது மேடம். உங்க வலிய நாங்க பதிவு பண்ணிக்கறோம்" என்றார் ஜோசலின். பதிவு செய்துகொண்டார். கிளம்பும்போது, இந்த வருகைக்கு எத்தனை மதிப்பெண் என்று டேப்லெட்டை நீட்டினார். எழில் பத்தை அழுத்தினான். அவன் வாழ்க்கையில் போட்ட முதல் பத்து. அழுத்தும்போது ஏதோ ஒன்றை விற்றுவிட்டதைப்போல இருந்தது.

"தேங்க்ஸ் சார். இது விசிட்டுக்கான பத்து. வீல் மார்க் வேற கணக்கு."

சாயங்காலம் வேளாங்கண்ணியிலிருந்து வீடியோ கால். சவுரிமுத்துவின் மொட்டையடித்த தலை திரையை நிறைத்தது. "இன்னாமா, வண்டி எப்டி கீது? காட்டு."

ஜாஸ்மின் கீழே இறங்கி உறையை முன்பக்கம் மட்டும் தூக்கி, கண்ணாடியைக் காட்டினாள். விளக்கைக் காட்டினாள். நம்பர் பிளேட்டைக் காட்டினாள்.

"கீழ காட்டுமா. வீல காட்டு."

"சிக்னல் விட்டு விட்டு வருதுப்பா."

"எனக்கு நல்லாத்தான் தெர்து. ஏன் வண்டி ஒசரமா கீது?"

எழில் எட்டி இணைப்பைத் துண்டித்தான். இருவரும் காருக்குப் பக்கத்தில் சிமென்ட் தரையில் உட்கார்ந்துகொண்டார்கள். வேறு சக்கரம் வாங்கி மாட்டலாம்தான். ஆனால் அந்தச் சக்கரங்களின் ஒவ்வொரு கம்பியையும் சவுரிமுத்துவின் விரல்கள் அறியும். "உண்மையச் சொல்லிடலாமா?" என்றான் எழில். "சொன்னா, அவரு மூணாந்தரம்னு சொன்னதையே சரின்னு ஆக்கிடுவோம்ங்க" என்றாள் ஜாஸ்மின்.

ஷெர்வின் கடைசியில் ஒரு வழி சொன்னார். 'மகிழ்ச்சி உறுதிமொழி' என்று ஒன்று இருக்கிறது. சின்ன அறைக்குள் நின்று மைக்கில் "பத்து" என்று சொல்லவேண்டும். குரலில் இருக்கும் மகிழ்ச்சியை இயந்திரம் அளக்கும். எழுபது சதவீதத்தைத் தாண்டினால் சக்கரங்களுக்கு விடுதலை.

எழில் பள்ளிக்கு விடுப்பு போட்டுவிட்டு வந்து மைக் முன் நின்றான். "பத்து."

இயந்திரம் திரையில் எழுதியது: துக்கம், எண்பத்தொன்று.

"ஏதாவது சந்தோஷமான விஷயத்த நினைச்சுக்கங்க சார்" என்றாள் அனுப்பிரியா. எழில் கண்ணை மூடி, மாமனாரைத் தாம்பரம் ஸ்டேஷனிலிருந்து காரில் கூட்டிவருவதை நினைத்தான். அவர் முன் சீட்டில் உட்கார்ந்திருக்கிறார். அவனிடம் நேராக ஏதோ கேட்கிறார். "பத்து" என்றான். குரல் உடைந்தது. இயந்திரம், 'இறப்பு வீடு?' என்று கேள்விக்குறியோடு காட்டியது.

எட்டிப் பார்த்த சிட்டிபாபுவுக்கு மனது கேட்கவில்லை. "இன்னா சார் நீங்க, இரங்கல் கூட்டத்துல பேசற மாரி சொல்றீங்க. லாட்டரி அடிச்ச மாரி 'பத்த்த்து'ன்னு இழுங்க சார். எங்க எல்லாரோட இன்சென்டிவும் உங்க தொண்டைல கீது."

எழில் இழுத்தான், குதித்தான், கைதட்டிக்கொண்டே சொன்னான். சாயங்காலம் வரை சொன்னான். கடைசியில் இயந்திரம் அவனை அடையாளம் கண்டுகொண்டு, வாயைத் திறப்பதற்கு முன்பே துக்கம் என்று எழுத ஆரம்பித்தது.

மறுநாள் காலை தாம்பரம் ஸ்டேஷனில் சவுரிமுத்து இறங்கினார். ஒரு கையில் மாதா எண்ணெய் பாட்டில், தோளில் பை. பின்னால் பேபியம்மாள். சவுரிமுத்து வாசலுக்கு வந்து ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்தார்.

"வண்டி எங்கமா?"

ஜாஸ்மின் வாயைத் திறப்பதற்குள் எழில் முன்னே வந்தான். "மாமா, வண்டி ஓடற நிலைமைல இல்ல. தப்பு என்னுதுதான்." சாவியை அவர் கையில் கொடுத்தான். சவுரிமுத்து சாவியைப் பார்த்துவிட்டுச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். ஷேர் ஆட்டோவில் எல்லோரும் நெருக்கியடித்து உட்கார்ந்து வந்தார்கள். வழி முழுக்க பேபியம்மாள் மட்டும் செபமாலை உருட்டிக்கொண்டிருந்தார்.

உறையைத் தூக்கியதும் சவுரிமுத்து அப்படியே குந்திவிட்டார். ஒரு பக்கம் பார்த்தார். சுற்றிப் போய் மறுபக்கம் பார்த்தார்.

"நாலும் காணோம்" என்றார், மகளிடம். "இன்னா ஆச்சுன்னு கேளு."

எழில் ஒன்று விடாமல் சொன்னான். நடைபாதைக் கல், பள்ளிக்கரணை, ஜூஸ், ஒன்பது, கணக்கு வாத்தியார், மைக். சொல்லி முடித்ததும், இவர் என்னை அடித்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றியது.

சவுரிமுத்து வெறும் இரும்பு ஸ்டாண்டைத் தடவிப் பார்த்தார். பிறகு கேட்டார், "ஒன்பது போட்டதுக்கா?"

சவுரிமுத்து எழிலோடு பள்ளிக்கரணைக்குப் போனதும் ஷெர்வின் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "வண்டியோட ஆர்.சி. புக் யார் பேர்ல சார் இருக்கு?"

"எம் பேர்ல" என்றார் சவுரிமுத்து.

ஷெர்வினின் முகத்தில் முதன்முறையாக மகிழ்ச்சி அலுவலருக்கான அடையாளம் தெரிந்தது. "அப்போ இவரு கஸ்டமரே இல்ல! கஸ்டமர் இல்லாதவரு போட்ட மார்க் செல்லாது!" மணி அடித்தார்கள், கஸ்டமராகச் சவுரிமுத்துவின் பெயரையும் நம்பரையும் எழுதிக்கொண்டார்கள். மாடியிலிருந்தும் ஆட்கள் வந்து கைதட்டினார்கள். அனுப்பிரியா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதிருப்தி அறையின் ரிப்பன் வெட்டப்பட்டது. அன்றைக்கே சக்கரங்கள் ஓவனுக்குப் போயின. அவ்வளவு நாள் இழுத்த வேலை மறுநாள் காலையில் முடிந்துவிட்டது.

டெலிவரி வீட்டு வாசலில் நடந்தது. அது சும்மா நடக்கக்கூடாதாம். பலூன் கட்டினார்கள், சக்கரங்களை வெல்வெட் துணியால் மூடினார்கள், புது கேக் வைத்தார்கள். அடுக்குமாடிக்காரர்கள் பால்கனியில் நின்று பார்த்தார்கள். சவுரிமுத்து துணியை விலக்கினார். சக்கரங்கள் உண்மையிலேயே நன்றாக இருந்தன. அவர் விளிம்பை விரலால் ஒரு சுற்று தடவி, தலையை லேசாக ஆட்டினார். எல்லாம் சரியாகிவிடும் என்று எழிலுக்குத் தோன்றியது.

சிட்டிபாபு முதல் சக்கரத்தை மாட்டும்போது ஷெர்வின் எழிலைக் கூப்பிட்டு ஒரு காகிதம் கொடுத்தார். தலைமை அலுவலகத்துக்கு ஒரு வீடியோ வேண்டும். எழில் அதைக் கேமராவைப் பார்த்துப் படித்தான். "தகுதியோ உரிமையோ இல்லாமல் நான் மதிப்பெண் வழங்கிவிட்டேன். என் அறியாமைக்கு வருந்துகிறேன்."

"சிரிச்சுகிட்டே படிங்க சார்."

சிரித்துக்கொண்டே படித்தான். இரண்டாவது சக்கரம் ஏறியது.

"அறியாமைங்கற இடத்துல கை கூப்பிக்கங்க சார். மொகத்துல கொஞ்சம் நன்றி வேணும்."

கைகூப்பிப் படித்தான். மேல்வீட்டுப் பையன்கள் இரண்டு பேர் அவன் பள்ளியில்தான் படிக்கிறார்கள். அவர்களும் பால்கனியில் நின்றிருந்தார்கள். ஜாஸ்மின் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மூன்றாவது சக்கரம் ஏறியது.

ஷெர்வின் சவுரிமுத்துவின் பக்கத்தில் வந்து தணிந்த குரலில் சொன்னார். "தப்பா எடுத்துக்காதீங்க சார். வாத்தியாருங்களே இப்படித்தான். தரம்னா என்னன்னு தெரியாது, கைக்கு வந்த மார்க்க போட்டுடுவாங்க."

சவுரிமுத்துவின் கைபேசி அடித்தது.

எல்லோரும் அசையாமல் நின்றார்கள். நான்காவது சக்கரத்தைத் தூக்கிய சிட்டிபாபு தூக்கியபடியே நின்றார். ஸ்பீக்கரில் அந்தப் பதிவுக் குரல் இனிமையாகக் கேட்டது. ஒன்றிலிருந்து பத்துக்குள் ஓர் எண். ஷெர்வின் பத்து விரல்களையும் விரித்துக் காட்டினார். அனுப்பிரியா காட்டினாள். கேக் வெட்ட வந்தவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் காட்டினார். ஜாஸ்மின் காட்டினாள். எழிலும் இரண்டு கைகளையும் தூக்கிப் பத்து விரல்களையும் விரித்தான்.

சவுரிமுத்து மருமகனின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்ல நடந்து வந்து அவன் எதிரில் நின்றார். அவனுடைய கட்டைவிரல் ஒன்றைப் பிடித்து உள்ளே மடக்கினார்.

ஒன்பதை அழுத்தினார்.

"சார்!" என்று அலறினார் ஷெர்வின். "வீல் நல்லா இருக்குன்னு தலைய ஆட்டினீங்களே சார்!"

"நல்லாத்தான் கீது. அதான் ஒன்பது." சவுரிமுத்து கைபேசியைப் பைக்குள் போட்டுக்கொண்டார். "ஆயுசு பூரா தோலுக்கு முத்திர குத்துனவன் நான். வர்றதுக்கெல்லாம் முதல் தரம்னு குத்துனா அப்பால அந்த முத்திரைக்கு இன்னா மரியாதை? எங்க மாப்ள யோசிச்சு போட்ட மார்க்கு அது. அவர நிக்க வெச்சு மன்னிப்பு கேக்க வெக்கறியா நீ?"

சிட்டிபாபு நான்காவது சக்கரத்தை மெதுவாகத் தரையில் வைத்தார். ஜாக்கியை எடுத்துவந்தார். மற்ற மூன்றையும் கழற்ற ஆரம்பித்தார். "மன்னிச்சுக்கங்க பெரியவரே. எனக்கும் கஷ்டமாத்தான் கீது. ஆனா ப்ராசஸ்னு ஒண்ணு கீது பாருங்க." கார் மறுபடியும் ஸ்டாண்டுகளின் மேல் ஏறியது. வேனில் சக்கரங்கள் ஏறின, வெல்வெட் துணி ஏறியது. கேக்கையும் எடுத்துக்கொண்டார்கள். அது பத்துக்கான கேக்காம்.

வேன் தெருமுனை திரும்பிப் போனது. எழில் இன்னும் ஒன்பது விரல்களோடு நின்றுகொண்டிருந்தான். "ஏன் மாமா இப்படி பண்ணீங்க? வீல் போச்சே மாமா, கைக்கு வந்த வீல் போச்சே" என்று அழுதான். பால்கனியில் பையன்கள் பார்ப்பது தெரிந்தும் அழுதான்.

"போனா போவுது. பம்மல்ல என் ஃபிரண்டு ஷெட்டு கீது, பழைய வீலு நாலு கெடைக்கும். அதுவரிக்கும் ஷேர் ஆட்டோல போவோம்." சவுரிமுத்து சட்டைப்பையிலிருந்து கார் சாவியை எடுத்தார். மகளைத் தேடவில்லை. நேராக அவனிடமே நீட்டினார்.

"இந்தாங்க மாப்ள. நீங்களே வெச்சிக்கங்க."

எழில் சாவியை வாங்கிக்கொண்டான். இருவரும் ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்துக் கார் உறையைப் போர்த்தினார்கள். இந்த முறை தரைவரை இழுத்துவிடவில்லை.